பண்டிகைக் காலமும் கப்பல் நாட்களும்

ஐப்பசி பிறந்துவிட்டால், அந்தமான் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு நாட்காட்டிகளைப் பார்த்தாக வேண்டும். ஒன்று சுவரில் தொங்குவது. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் ஆகியவற்றைச் சிவப்பு எழுத்தில் காட்டுவது. மற்றொன்று கடலுடையது. வங்காள விரிகுடாவில் புயல்கள் மிகுதியாக உருவாகும் மாதங்களுள் ஐப்பசியும் கார்த்திகையும் அடங்கும். பண்டிகைக் கால மன அழுத்தத்தில் பெரும்பகுதி, முதல் நாட்காட்டியை மட்டும் பார்த்துத் திட்டமிடுவதால் விளைகிறது என்பது நமது கருத்து.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். விமானத்தில் சற்றேறக்குறைய இரண்டு மணி நேரம். கப்பலில் மூன்று நாட்கள். விழாக்காலத்தில் விமானக் கட்டணம் ஏறுவதால், பிள்ளைகளோடும் மூட்டைகளோடும் செல்வோர் கப்பலையே நாடுகின்றனர். ஆனால் சென்னையோடு பயணம் முடிவதில்லை. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. இருக்கை வேண்டுவோர் அன்றே பதிவு செய்தாக வேண்டும். கப்பல் எந்த நேரத்தில் கரைசேரும் என்பதை அன்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது.

நாமும் இத்தவற்றைச் செய்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு, கப்பல் சென்னையை அடையவிருந்த அன்றிரவே மதுரைக்கு ரயிலில் இடம் பிடித்திருந்தோம். காற்றழுத்தத் தாழ்வால் புறப்பாடே ஒன்றரை நாள் தள்ளிப்போயிற்று. பண்டிகைக் காலையில் நாம் நடுக்கடலில் இருந்தோம். பிள்ளைகள் புத்தாடைப் பையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தனர். பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டோம். அந்தச் சச்சரவுக்குக் காரணம் புயலன்று. ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் நாமே வகுத்த திட்டம்.

வங்கியின் பக்கமிருந்தும் இதைப் பார்க்கிறோம். நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம். பண்டிகைக் கூட்டமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம் என்பதைப் பலர் அறியாது வரிசையில் நிற்கின்றனர். பயணச்சீட்டுக்காக வைப்புத்தொகையை அவசரமாக முறித்துக்கொள்வோரும் உண்டு. முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி குறையும். அதன்மீது கடன் பெறுவது சில வேளைகளில் மேலானது. முறிக்குமுன் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதனினும் நன்று, பொங்கல் முடிந்த கையோடு ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, ஐப்பசிக்குள் முதிரும்படி அமைப்பது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்டபின், பணம் அனுப்புவது இங்கும் நொடிப்பொழுதுச் செயலாயிற்று. ஏமாறுவதும் அவ்வாறே. இருக்கை உறுதி, உடனே முன்பணம் அனுப்புக என்று அறிமுகமற்றவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே அவருடைய முதலீடு என்று கொள்க. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். ஒரே இந்திய நேரத்தைப் பின்பற்றினாலும், இங்கே கதிரவன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக எழுகிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே மறைந்தும் விடுகிறான். அலுவலகம் முடிந்து கடைத்தெருவுக்குப் போவோம் என்று எண்ணுவோர் இருட்டில், களைத்த உடலோடு அலைகின்றனர். விடியற்காலை ஒரு மணி நேரம் நமக்குக் கூடுதலாகக் கிடைத்த செல்வம். மூட்டை கட்டுவதையும் கணக்கு எழுதுவதையும் அப்போது முடிக்கலாம். பலகாரம் சுடும் பொறுப்பு முழுவதையும் இல்லத்தரசியின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் நேர மேலாண்மை பேசுவது நமக்கு உடன்பாடன்று. ஐந்து வகையை மூன்றாகக் குறைத்தால் எந்தத் தெய்வமும் கோபிக்காது.

இவ்வாண்டு எங்கள் குடும்பத் திட்டத்தில் சென்னைக்கென ஒரு முழு நாள் ஒதுக்கப்பட்டுள்ளது. கப்பல் தாமதித்தால் அந்த நாள் கடலுக்கு; தாமதிக்காவிட்டால் பெரம்பூரில் மைத்துனர் வீட்டில் தங்கல். அங்கே என்ன செய்வதென்று இதுவரை எவரும் பட்டியல் போடவில்லை.