வீட்டுத் தச்சுவேலையில் பிழைகளின் பிறப்பிடம்

தச்சரிடம் பயிலாமல், தம் வீட்டுக்கென ஒரு மேசையையோ புத்தக அலமாரியையோ தாமே செய்துகொள்ள முனைவோருக்கு நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரு பொதுத்தன்மை உடையவை: பிழை கண்ணுக்குப் புலப்படும் கட்டம் ஒன்று, அது நிகழ்ந்த கட்டம் வேறொன்று. மேற்பலகை சில மாதங்கள் கழித்து வெடிக்கிறது; அதன் காரணம் பலகையைச் சட்டத்தோடு பூட்டிய முறையிலோ, அதற்கும் முன்னே மரம் வாங்கிய நாளிலோ இருக்கிறது. புலப்பட்ட இடத்திலேயே பிழையைத் தேடுவோர் திருகாணியையும் பாலிஷையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இது தமக்குக் கைவராத வேலை என்று கருவிகளைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். பொறுமையோடு பயின்றால் எவருக்கும் வசப்படக்கூடிய ஒரு கைத்தொழில் இவ்வாறு கைவிடப்படுவது உண்மையில் வருந்தத்தக்கது.

இத்தகைய பிழைகளில் முதன்மையானது ஈரம் பற்றியது. பச்சை மரத்தின் நீர், மரத்தின் நுண்ணறைகளுக்குள் உள்ள வெற்றிடத்தில் ஒரு பகுதியும், அவ்வறைகளின் சுவர்களுக்குள் மறுபகுதியுமாகத் தங்கியிருக்கிறது. வெற்றிடத்து நீர் வெளியேறும்வரை மரத்தின் எடை குறையுமேயன்றி அளவு குறைவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழிறங்கி, சுவர்களில் உள்ள நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசைகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீளவாக்கில் அது பொருட்படுத்தத் தேவையற்ற அளவே. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத் திசையில் ஓரளவு. ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு ஆரத் திசையில் சுமார் 2.5 விழுக்காடும், வளையத் திசையில் 5 முதல் 6 விழுக்காடும் சுருங்குகிறது. தேக்கோ குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்று.

உலர்ந்த மரம் என்றால் மாறாத மரம் என்று கருதுவது இதிலிருந்து பிறக்கும் அடுத்த தவறு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடாக உள்ள அறையில் மரம் ஏறத்தாழ 13 விழுக்காட்டு ஈரத்தில் நிலைகொள்கிறது; அதே மரம், 40 விழுக்காடாக உள்ள அறையில், குறிப்பாகக் குளிரூட்டி நெடுநேரம் ஓடும் அறையில், 7 அல்லது 8 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. வளையத் திசையில் அகலம் அமைந்த 600 மில்லிமீட்டர் தேக்குப் பலகை இந்த மாற்றத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் சுருங்கும். ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ‘நூல்’ என்று வழங்கும் தச்சர் கணக்கில் இது ஏறத்தாழ இரண்டு நூல். மேசையின் குறுக்குச் சட்டங்களோ தம் நீளத்தில் மாறுவதில்லை. எனவே மேற்பலகையைச் சுற்றிலும் பசையிட்டு, திருகாணியால் இறுக்கியும் வைத்தால், சுருங்க இடமின்றிப் பலகை வெடித்தே தீரும். திருகாணித் துளையைப் பலகையின் அகலத் திசையில் நீள்துளையாக அமைப்பதும், சட்டத்தின் உட்புறம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அதனுள் நுழையும் சிறு மரத்துண்டுகளைப் பலகையின் அடியில் பூட்டுவதும் இதற்குரிய தீர்வுகள். சட்டத்தின் காடிக்குள் பலகையைப் பசையின்றிச் செருகிச் செய்த பழைய வீட்டுக் கதவுகளில் இதே அறிவு செயல்படுவதைக் காணலாம். அங்கே பலகை காடிக்குள் சுருங்கியும் விரிந்தும் கொள்வதால் சட்டத்துக்கு ஊறு நேர்வதில்லை.

மரக்கடையில் ‘நன்றாகக் காய்ந்தது’ என்று சொல்லித் தரப்படும் மரத்தின் ஈரத்தை வீட்டிலேயே அறியலாம். பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிச் சிறு துண்டொன்றை வெட்டி எடைபோட்டு, ஓவனில் 103 பாகை செல்சியசில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் எடைபோட வேண்டும்; 115 கிராம் இருந்த துண்டு 100 கிராமில் நின்றால் ஈரம் 15 விழுக்காடு. இச்சோதனைக்கு வாய்ப்பில்லாதவர்கள், வாங்கிய பலகைகளை இடையிடையே ரீப்பர் துண்டுகள் வைத்துக் காற்றோடுமாறு அடுக்கி, மேசை இருக்கப்போகும் அறையிலேயே சில வாரங்கள் விட்டு, எடை மாறாமல் நின்றபின் வேலையைத் தொடங்குவது போதுமானது. இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே பெரும்பாலோர் விரும்புகின்றனர். தவிர்த்ததன் விலையைப் பின்னர் முழுப் பலகையாகக் கொடுக்கின்றனர்.

அளவுப் பிழைகளில் வழக்கமானது, ரம்பம் தின்னும் மரத்தைக் கணக்கில் கொள்ளாமை. 2440 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளைவுட்டிலிருந்து 610 மில்லிமீட்டரில் நான்கு தட்டுகள் கிடைக்கும் என்று தாளில் தோன்றும். வட்ட ரம்பத்தின் ஒவ்வொரு வெட்டும் சுமார் 3 மில்லிமீட்டரைத் தூளாக்குவதால், மூன்று வெட்டுகளில் 9 மில்லிமீட்டர் போய்விடுகிறது. நான்காம் தட்டு அலமாரியில் ஆடுகிறது. அளவுநாடாவின் நுனிக் கொக்கி சற்று ஆடுவதைப் பழுதென்று எண்ணி அதை இறுக அடித்துவிடுவோரும் உண்டு. வெளியளவு எடுக்கையில் இழுபட்டும், உள்ளளவு எடுக்கையில் அழுந்தியும், தன் தடிமனைத் தானே ஈடுசெய்யவே அக்கொக்கி ஆடுமாறு அமைக்கப்பட்டுள்ளது. மரக்கடையில் அங்குலமும் நூலும், வரைபடத்தில் மில்லிமீட்டரும் என இரு கணக்குகள் கலப்பதும், ஓரங்குலம் என்று வாங்கிய பலகை இரு முகங்களிலும் இழைத்தபின் ஆறு அல்லது ஏழு நூலாகக் குறைந்துவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒத்த நீளமுடைய கால்கள் நான்கு வேண்டுமெனில், நான்கையும் தனித்தனியே நாடாவால் அளப்பதைவிட, ஒரு காலை அறுத்து அதைக்கொண்டே மற்ற மூன்றையும் குறிப்பது சிறந்தது. தாளில் உள்ள அளவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலும் மேசை ஆடாது. சட்டம் மூலைக்கு மூலை சரியாக உள்ளதா என்பதை மூலைமட்டத்தைக் காட்டிலும் இரு மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுவதே ஐயமின்றிக் காட்டும்.

மூட்டுகளைப் பொறுத்தவரை, மரத்தின் அறுத்த முனை பசையையும் திருகாணியையும் வலுவாகப் பற்றாது என்பதை அறியாமையே பல பிழைகளுக்கு வேர். முனையோடு பக்கத்தை வெறுமனே ஒட்டித் திருகாணி போட்ட மூட்டு, மேசையை இழுத்து நகர்த்தும்போது கழன்றுவிடும். ஒரு சட்டத்தின் முனையில் நாக்குப்போல் செதுக்கிய கழுந்தை, மற்றச் சட்டத்தில் உளியால் எடுத்த துளைக்குள் செலுத்தும் மூட்டில், ரேகை ஓடும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதால் பிடிப்பு நிலைக்கிறது. கடினமான மரத்தில் திருகாணிக்கு முன்துளை இடாவிடில் மரம் பிளக்கும். பித்தளைத் திருகாணியை நேராகச் செலுத்தினால் கழுத்து முறியும் வாய்ப்பு மிகுதி என்பதால், அதே அளவுள்ள இரும்புத் திருகாணியால் முதலில் வழியமைப்பது வழக்கம்.

பாலிஷ் பூசும் கட்டம், அதற்கு முந்தைய கட்டங்களின் குறைகள் அனைத்தையும் வெளிக்கொணர்கிறது. மூட்டிலிருந்து பிதுங்கி வழிந்த பசையை உடனே துடைக்காமல் விட்ட இடங்களில் நிறம் ஏறாமல் வெளிறிய திட்டுகள் தோன்றும். 80 எண் உப்புத்தாளிலிருந்து 120, 180 ஆகியவற்றைத் தாண்டி நேரே 220-க்குச் சென்றிருந்தாலும், ரேகைக்குக் குறுக்கே தேய்த்திருந்தாலும், வெறும் மரத்தில் தெரியாத கீறல்கள் பளபளப்பில் தெரியும். மழைக்காலத்தில் பூசும் அரக்குப் பாலிஷ், ஈரம் சிறைப்பட்டு வெண்புகை படிந்ததுபோல் மங்கும். இங்கே குற்றம் பாலிஷினுடையது அன்று. அதை மாற்றுவதால் பயனும் இல்லை.

மேற்கூறிய பிழைகளைப் பொருளிழப்போடு பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதவையும் உண்டு. மழுங்கிய உளிக்கு அதிக விசை தேவைப்படுவதால் அது வழுக்கிக் கையில் பாய்கிறது. மரத்தூளைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், உலரும்போது எழும் வெப்பம் வெளியேறாமல் தேங்கி, தானே தீப்பற்றக்கூடும். அதை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும். முகமூடியும் தீட்டிய உளியும் இல்லாத நாளில் வேலையைத் தள்ளிப்போடுவதே முறை.

இத்தொழிலைத் தொடங்குவோர், பசை தடவும் முன் முழு மேசையையும் பசையின்றிப் பூட்டி, மூலைவிட்டங்களை அளந்து, எந்த மூட்டு எதனால் இடைவெளி விடுகிறது என்பதை அந்த மூட்டின் மேலேயே பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். முறிந்த மூட்டையும் வெடித்த பலகையையும் விறகுக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் பசை பிடிக்கவில்லை, வெடிப்பு எந்தத் திருகாணியில் தொடங்கியது என்ற விடை அதிலேயே இருக்கிறது.