முணுமுணுப்பிலிருந்து முறையீட்டுக்கு

ஜார்ஜ்டவுன் மாநகரில் பொழுது விடிந்ததும் காப்பிக்கடைகளில் பேச்சு களைகட்டிவிடும். மீன் விலை ஏறியது ஏன், அரசாங்கம் என்ன செய்கிறது, கைப்பேசிக் கட்டணம் இந்த மாதம் கூடியது எப்படி, இணையத்தில் வாங்கிய காலணி ஒரே வாரத்தில் பிய்ந்துவிட்டதே என ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. சௌராஸ்தா சந்தையிலும் குட்டி இந்தியாவின் மளிகைக் கடைகளிலும் இதே பேச்சைக் கேட்கலாம். மக்களாட்சி நாட்டில் இப்படிப் பேசுவது இயல்பு. ஆனால், இந்தக் கருத்துகளுள் பெரும்பாலானவை கோப்பையில் உள்ள காப்பி தீர்வதற்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. ஏமாந்தவர் ஏமாந்தவராகவே வீடு திரும்புகிறார்; ஏமாற்றியவர் மறுநாளும் கடையைத் திறக்கிறார்.

முணுமுணுப்பு காற்றோடு போய்விடும், முறையீடு பதிவாகும். இந்த வேறுபாட்டை மலேசியர்களுக்கு எடுத்துக் காட்டிய பெருமை பினாங்குத் தீவுக்கு உண்டு.

பினாங்கில் பிறந்த இயக்கம்

1969ஆம் ஆண்டில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. கலப்பட உணவு, எடை குறைந்த பொருள், பொய் விளம்பரம், தவணைமுறை விற்பனையில் மறைந்திருக்கும் வட்டி ஆகியவை அக்காலத்தில் சாதாரணக் குடும்பங்களை வாட்டின. ஏமாந்த ஒருவர் தனியே கடைக்காரரிடம் வாதாடினால், பெரும்பாலும் அவமானமே மிஞ்சும். வழக்கறிஞரை அமர்த்தலாம் என்றால், வாங்கிய பொருளின் விலையைவிட வழக்குச் செலவு அதிகமாகும். சங்கம் இந்த இடைவெளியை நிரப்பியது.

சங்கம் பின்பற்றிய முறை எளிமையானது. மக்கள் கூறும் புகார்களைப் பதிவு செய்தது. பொருள்களைக் கடைகளில் வாங்கி ஆய்வுக்கு அனுப்பியது. ஆய்வின் முடிவுகளைத் தமிழ் உட்பட நாட்டு மக்கள் பேசும் மொழிகளில் வெளியிட்டது. நாளிதழ்களுக்கும் அரசாங்கத் துறைகளுக்கும் கடிதங்கள் எழுதியது. ஒருவர் கூறினால் குறை. நூறு பேர் கூறி, அதனை ஆய்வும் மெய்ப்பித்தால் அது சான்று. சான்றைக் கண்டும் காணாதது போல இருப்பது எந்த நிறுவனத்திற்கும் எந்த அமைச்சிற்கும் எளிதன்று.

இச்சங்கத்திற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தலைமை தாங்கியவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த அவர், 2019ஆம் ஆண்டு மே மாதம் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். எந்தக் கட்சியின் மேடையிலும் நின்று ஓட்டுக் கேட்காமலேயே ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கை எடுத்துக்காட்டாக விளங்கியது. 1973ஆம் ஆண்டில் பல மாநிலங்களின் பயனீட்டாளர் சங்கங்களை இணைத்து மலேசியப் பயனீட்டாளர் சங்கங்களின் சம்மேளனமும் உருவானது.

உலகிற்கு எட்டிய குரல்

பினாங்கில் எழுந்த குரல் தீவோடு நின்றுவிடவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அன்வார் ஃபஸால், 1978ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டுவரை பயனீட்டாளர் சங்கங்களின் அனைத்துலக அமைப்பிற்குத் தலைவராக இருந்தார். 1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி பயனீட்டாளரின் நான்கு உரிமைகளை அறிவித்திருந்தார். பாதுகாப்பு பெறும் உரிமை, தகவல் அறியும் உரிமை, தெரிவு செய்யும் உரிமை, தம் குரல் கேட்கப்படும் உரிமை ஆகியனவே அவை. பின்னர், அடிப்படைத் தேவைகள், இழப்பீடு, பயனீட்டாளர் கல்வி, தூய சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் உரிமைகளாக அனைத்துலக இயக்கம் சேர்த்துக்கொண்டது. கென்னடி உரையாற்றிய அந்த நாளை உலகம் முழுவதும் கொண்டாட வேண்டும் என்று அன்வார் ஃபஸால் முன்மொழிந்தார். அதன்படி, 1983ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் முதலாவது உலகப் பயனீட்டாளர் உரிமை நாள் கொண்டாடப்பட்டது.

இந்த உரிமைகள் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குக் குழந்தைகளுக்கான பால்மாவுப் போராட்டமே சான்று. அக்காலத்தில் சில நிறுவனங்கள் ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் தாய்மாருக்குப் பால்மாவை இலவசமாகக் கொடுத்தன. தாதியர் போல உடையணிந்த விற்பனைப் பெண்களையும் அனுப்பின. இலவச மாவு தீர்வதற்குள் தாயிடம் பால் சுரப்பது குறைந்துவிடும். அதன்பின் மாவை விலை கொடுத்து வாங்கியே ஆக வேண்டும். பணம் போதாத வீட்டில் மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவார்கள். அந்த நீரும் தூய்மையாக இராது. விளைவாக, குழந்தைகள் வயிற்றுப்போக்காலும் ஊட்டச்சத்துக் குறைவாலும் மடிந்தனர்.

தாய்மார்கள், மருத்துவர்கள், பயனீட்டாளர் சங்கங்கள் எனப் பலரும் திரட்டிய சான்றுகள் உலக அரங்கை எட்டின. 1981ஆம் ஆண்டு மே மாதம், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கான அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்தது ஒரே ஒரு நாடு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரத்தில் கொண்டாடப்படும் உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒருங்கிணைக்கும் அமைப்பின் செயலகமும் பினாங்கில்தான் இயங்குகிறது.

சட்டம் தரும் துணை

மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது இச்சட்டம். மக்களைத் திசைதிருப்பும் விளம்பரங்களையும் அது தடை செய்கிறது. ‘விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்று கடையில் எழுதி ஒட்டினாலும், சட்டம் தரும் இந்த உத்தரவாதத்தை விற்பவர் நீக்கிவிட முடியாது. ஆனால், வாங்கிய நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை இச்சட்டம் வழங்கவில்லை. பொருளில் குறை இருக்க வேண்டும்.

இச்சட்டத்தின் கீழ்ப் பயனீட்டாளர் நடுவர் மன்றமும் அமைக்கப்பட்டது. ஐந்து ரிங்கிட் செலுத்தி எவரும் அங்கே கோரிக்கையைப் பதிவு செய்யலாம். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு 2019ஆம் ஆண்டில் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பொதுவாக இங்கு வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை. ஏழைப் பயனீட்டாளரும் பெரிய நிறுவனத்தின் பேராளரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுகின்றனர். மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றமாகும்.

மன்றம் இருந்தால் மட்டும் போதாது. முறையிடத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வாங்கிய மின்விசிறி ஒரே வாரத்தில் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘அந்தக் கடை மோசம், அங்கே போகாதீர்கள்’ என்பது கருத்து. ‘மார்ச் 3ஆம் நாள் 120 ரிங்கிட்டுக்கு இந்த மின்விசிறியை வாங்கினேன். மார்ச் 10ஆம் நாள் அதன் இயந்திரம் நின்றுவிட்டது. மறுநாள் கடைக்குச் சென்று கூறினேன். பழுதுபார்த்துத் தர மறுத்துவிட்டனர். ரசீதும் நிழற்படமும் இணைக்கப்பட்டுள்ளன. பணத்தைத் திரும்பக் கோருகிறேன்’ என்பது முறையீடு. முதலாவதில் கோபம் மட்டுமே இருக்கிறது. இரண்டாவதில் நாள், தொகை, நடந்த செய்தி, சான்று, கோரிக்கை ஆகிய ஐந்தும் இருக்கின்றன. கேட்பவர் மறுக்க வேண்டுமானால், இவற்றுள் ஒன்றையாவது தவறென்று காட்ட வேண்டும். எனவேதான், ரசீதைக் கசக்கி எறிபவர் தம் உரிமையையும் சேர்த்தே எறிகிறார் எனலாம்.

திரைக்குப் பின்னால் இருக்கும் வணிகர்

பினாங்கிற்கும் தொழில்நுட்பத்திற்கும் நெடுநாள் உறவு உண்டு. 1972ஆம் ஆண்டில் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இத்தீவில்தான் தொடங்கியது. அன்று முதல் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துத் தொழிலாளர்களின் கைவண்ணம் உலகின் கணினிகளுக்குள் இடம்பெற்று வருகிறது. அத்தகைய கருவிகளே இன்று ஒவ்வொருவர் கையிலும் கடைத்தெருவாக மாறிவிட்டன.

இந்தப் புதிய கடைத்தெருவில் வணிகரின் முகம் தெரிவதில்லை. விற்பவர் வேறு நாட்டில் இருக்கலாம். பல பக்கங்கள் நீளும் நிபந்தனைகளைப் படிக்காமலேயே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று பலர் அழுத்திவிடுகின்றனர். ஒரு மாதம் இலவசம் என்று தொடங்கும் சேவை, அடுத்த மாதம் தானாகவே கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறது. சேர்வதற்கு ஒரு பொத்தான் போதும். விலகும் வழியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. பணமே வாங்காத பல செயலிகள், பயன்படுத்துபவர் எங்கே செல்கிறார், எதைப் பார்க்கிறார், எதை விரும்புகிறார் என்பதைத் திரட்டி விளம்பர வருமானம் ஈட்டுகின்றன. அங்கே பயனீட்டாளர் கொடுக்கும் விலை, தம்மைப் பற்றிய தகவலே.

இதற்கும் விதிகள் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டு நவம்பரில் நடப்பிற்கு வந்தது. தம்மைப் பற்றி ஒரு வணிக நிறுவனம் வைத்திருக்கும் தகவலைப் பார்க்கவும் பிழையிருந்தால் திருத்தக் கோரவும் இச்சட்டம் வழிவகுக்கிறது. இணைய விற்பனையாளர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்ற விதிமுறைகளும் 2013ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. இணையத்தில் வாங்குபவருக்கும் கடையில் வாங்குபவருக்கு இணையான பாதுகாப்பு வேண்டும் என்று ஐக்கிய நாட்டு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் திருத்திய வழிகாட்டி வலியுறுத்துகிறது. மோசடிக்காரரிடம் பணத்தை இழந்தவர்கள், தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறி மறைவதற்குள் தடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

காலம் மாறினாலும் முறை மாறவில்லை. திரையைப் படம் பிடித்து வைத்தல், விற்பவருடன் நடந்த உரையாடலைச் சேமித்தல், பணம் செலுத்திய சான்றைப் பாதுகாத்தல் ஆகியவையே இன்றைய ரசீதுகள்.

உரிமையும் பொறுப்பும்

உரிமை கேட்பவருக்குப் பொறுப்பும் உண்டு. சரக்கில் குறையில்லாதபோதும் வணிகரைப் பழிவாங்க எண்ணி இணையத்தில் தீய கருத்து எழுதுவது, ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கும் செயல். கேள்விப்பட்டதை ஆராயாமல் நூறு பேருக்கு அனுப்புவதும் அத்தகையதே. பொய் விளம்பரத்தைக் கண்டிப்பவர் தாமே பொய்ச் செய்தி பரப்பலாகாது.

பயனீட்டாளர் தம் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பினாங்கு மாநிலம் 2009ஆம் ஆண்டில் திங்கட்கிழமைகளில் இலவச நெகிழிப் பைகளை நிறுத்தியது. 2011ஆம் ஆண்டு முதல் அதனை எல்லா நாள்களுக்கும் விரிவாக்கியது. பை வேண்டுமென்றால் அப்போது 20 சென் கொடுக்க வேண்டியிருந்தது. இருபது சென் பெரிய தொகை இல்லை. ஆயினும், ‘இந்தப் பை எனக்குத் தேவையா?’ என்று ஒரு நொடி சிந்திக்க அது வழிசெய்தது. தூய சுற்றுச்சூழல் பயனீட்டாளரின் உரிமை என்றால், அதனைக் காப்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

அரசியல் கருத்துகளுக்கும் இது பொருந்தும். அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின்படி, 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் மலேசியாவில் 18 வயது நிரம்பியவர்கள் வாக்களிக்கலாம். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் இன்னும் சில ஆண்டுகளில் வாக்காளராகிவிடுவார். விளம்பரத்தை ஆராய்ந்து பார்க்கப் பழகியவர், தேர்தல் வாக்குறுதியையும் ஆராய்ந்து பார்ப்பார். இதற்கு யார் பணம் கொடுக்கிறார், யாருக்கு நன்மை, சான்று எங்கே என்ற மூன்று கேள்விகளும் இரண்டிற்கும் பொதுவானவை. அந்தப் பயிற்சியைப் பள்ளியின் பயனீட்டாளர் கழகத்திலேயே தொடங்கலாம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆனால், அழத் தெரியாத பிள்ளைக்கும் பால் கிடைக்க வேண்டும் என்பதே பயனீட்டாளர் இயக்கத்தின் நோக்கம். ஒருவர் ஐந்து ரிங்கிட் செலுத்திப் பதியும் முறையீட்டால் அவருடைய பணம் மட்டும் திரும்புவதில்லை. அக்கடைக்காரர் அடுத்த பொருளை விற்கும்போது ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். அந்தப் பொருளை வாங்கப்போகும் மூதாட்டிக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம். சட்டம் தெரியாமலும் இருக்கலாம். முகமறியாத ஒருவர் முன்பே முறையிட்டதால் தமக்கு நல்ல பொருள் கிடைத்தது என்பதும் அவருக்குத் தெரியாது.