புற்று தனக்கெனப் போடும் இரத்தப் பாதை

தோட்டத்துக்குள் கடை வைத்தவர் எவரும் அறிவர்: சடக்கு இல்லாத இடத்துக்குச் சரக்கு வராது, சரக்கு வராத கடை வளராது. சரீரத்தில் முளைக்கும் புற்றுக்கும் இதுவே நியாயம். ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்று, தனக்கு இரத்தப் பாதை அமைத்துக் கொள்ளும் விதத்தை நீலாய் வாழ் வியாபாரச் சகோதரர்கள் அறிதல் நலமெனக் கருதி இதனை எழுதுகிறோம். மலேசியாவில் 2012 முதல் 2016 வரை ஆண்களிடம் பதிவான புற்றுநோய்களுள் இது மூன்றாவது இடத்தில் இருந்தது.

புதிய இரத்தக் குழாய்கள் கிடையாவிட்டால் புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பெருக்க இயலாது என்ற கருத்தை, அமெரிக்க இரண சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971ல் வெளியிட்டார்.

குழாய் எப்படி வருகிறது? கட்டி பெருகப் பெருக, நடுவிலுள்ள உயிரணுக்களுக்குப் பிராணவாயு எட்டுவதில்லை. பிராணவாயு போதுமான அளவு இருக்கையில் உடனுக்குடன் அழிக்கப்படும் ஒரு புரதம், அப்போது அழியாமல் தங்கிவிடுகிறது. அதன் ஏவலால் அணுக்கள் 'விஇஜிஎஃப்' என்னும் வளர்ச்சிப் பொருளைச் சுரக்கின்றன. அது அருகிலுள்ள குழாயின் உட்சுவரைத் தூண்ட, அங்கிருந்து கிளைகள் முளைத்துக் கட்டியை நோக்கி வருகின்றன. காயம் ஆறுவதற்கு உதவும் ஏற்பாட்டையே புற்று தன்வசப்படுத்திக் கொள்கிறது. புராஸ்டேட்டில் ஆண்மை ஹார்மோனும் இப்பொருளை அதிகப்படுத்துகிறது.

இப்புதுக் குழாய்கள் கோணலும் கசிவும் உடையவை. போஷணை உள்ளே வரும் வழியே புற்றணுக்கள் வெளியேறி, முதுகெலும்பு, இடுப்பெலும்பு முதலிய இடங்களில் குடியேறலாம்.

அப்பாதையை அடைத்துவிட்டால் என்ன? விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து, 2004ல் பெருங்குடற் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால், முற்றிய புராஸ்டேட் புற்றுடைய ஆயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்து 2012ல் வெளியான சோதனையில், வழக்கமான மருந்தோடு இதைச் சேர்த்தும் ஆயுள் கூடவில்லை. குழாயை வளர்க்கப் புற்றிடம் வேறு தூண்டுபொருள்களும் உண்டு.

ஆகவே, புற்று சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டுகொள்வதே சிறந்த உபாயம். தொடக்கத்தில் இது பெரும்பாலும் அடையாளம் காட்டாது. மூத்திரம் தடைபடுவது பலருக்கு வயதினால் வரும் சாதாரண வீக்கமே. ஆயினும் அதையும், மூத்திரத்தில் இரத்தம் தென்படுவதையும், விடாத முதுகுவலியையும் வெட்கத்தால் மறைக்கலாகாது. 50 வயது கடந்தவர்களும், தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்திருந்தால் அதற்கு முன்னரும், பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கலந்து பேச வேண்டும். அளவு கூடினால் புற்று என்பதல்ல. மேலும் ஆராய வேண்டும் என்பதே பொருள். ஒரு நாள் காலை கடையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ போய் வருவது நஷ்டக் கணக்கில் சேராது.