காணாமல் போன ஃபைல்: மூன்று கேள்வி, மூன்று வழி

வீட்டுக் கம்ப்யூட்டரில் இணையதளமோ சிறிய புரோகிராமோ எழுதிப் பழகுபவர்களுக்கு வெர்ஷன் கண்ட்ரோல் மிகவும் உதவும். ஒரு ஃபைலில் செய்யும் மாற்றங்களைத் தேதி வாரியாகச் சேமித்து வைத்து, பழைய நிலையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துத் தரும். இன்று கிட் அதிகம் பயன்பட்டாலும், 2004-ல் 1.0 பதிப்பாக வெளிவந்த சப்வெர்ஷனும் இலவசமாகக் கிடைக்கிறது. டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் என்ற சாஃப்ட்வேரை நிறுவினால், விண்டோஸில் மௌஸின் வலது பட்டன் மூலமே அதைக் கையாளலாம்.

சப்வெர்ஷனில் எல்லாப் பதிப்புகளும் இருக்கும் கிடங்கு ரெபாசிட்டரி. நீங்கள் வேலை செய்யும் ஃபோல்டர் வொர்க்கிங் காப்பி. இந்த ஃபோல்டரில் உள்ள ஒரு ஃபைலை வழக்கம்போல டெலீட் விசையை அழுத்தி அழித்தால், சப்வெர்ஷன் அதை 'மிஸ்ஸிங்' என்றே குறிக்கும்.

பள்ளி வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவன் வராவிட்டால் ஆப்சென்ட் போடுவார்கள், டி.சி. வாங்கினால்தான் பெயரை நீக்குவார்கள். மிஸ்ஸிங் என்பது ஆப்சென்ட் மட்டுமே. ரெபாசிட்டரியில் ஃபைல் பத்திரமாக இருக்கிறது.

ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் மெனுவில் 'செக் ஃபார் மாடிஃபிகேஷன்ஸ்' தேர்ந்தெடுங்கள். மிஸ்ஸிங் ஃபைல்கள் பட்டியலில் தெரியும். இனி உங்களையே கேளுங்கள்.

1. தவறுதலாக அழிந்ததா?
முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். கமிட் செய்யாத மாற்றங்கள் அந்த ஃபைலில் இருந்தால், அவை அங்கு மட்டுமே கிடைக்கும். அங்கே இல்லையென்றால், பட்டியலில் அந்த ஃபைலை மட்டும் ரைட் கிளிக் செய்து 'ரிவர்ட்' கொடுங்கள். மாற்றம் செய்வதற்கு முன்பிருந்த பிரதி திரும்பக் கிடைக்கும். மற்ற ஃபைல்களையும் சேர்த்து ரிவர்ட் செய்தால், அவற்றில் கமிட் செய்யாத மாற்றங்கள் போய்விடும், கவனம் தேவை.

2. வேண்டாமென்றே அழித்தீர்களா?
'கமிட்' விண்டோவில் மிஸ்ஸிங் ஃபைலுக்கு எதிரே டிக் செய்து கமிட் செய்யுங்கள். புதிய பதிப்பிலிருந்து அது நீங்கிவிடும். பழைய பதிப்புகளில் இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால், அடுத்த முறை 'அப்டேட்' செய்யும்போது அழித்த ஃபைல் மீண்டும் வந்து நிற்கும்.

3. பெயரை மாற்றினீர்களா?
பழைய பெயர் மிஸ்ஸிங் என்றும், புதிய பெயர் 'அன்வெர்ஷன்டு' என்றும் கமிட் விண்டோவில் தெரியும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இரண்டையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'ரிப்பேர் மூவ்' கொடுங்கள். இரண்டும் ஒரே ஃபைல்தான் என்று சப்வெர்ஷன் புரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் புதிய ஃபைலுக்குப் பழைய வரலாறு தொடராது.

இந்தத் தொல்லையே வராமலிருக்க ஒரு வழி உண்டு. வொர்க்கிங் காப்பியில் அழிப்பதையும் பெயர் மாற்றுவதையும் டார்ட்டாய்ஸ் மெனுவில் உள்ள 'டெலீட்', 'ரீநேம்' மூலமாகவே செய்து பழகுங்கள்.