எழுதித் தரும் இயந்திரமும் பொறுப்பேற்கும் மனிதரும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

இன்றைய உலகைக் கணினி உலகம் என்று அழைத்தால் அது மிகையாகாது. ரயில் பயணச்சீட்டு முதல் மின்கட்டணம் வரை, வங்கிக் கணக்கு முதல் மருத்துவமனைக் கருவி வரை யாவற்றையும் இயக்குவது மென்பொருள். அம்மென்பொருளை இதுவரை மனிதர் எழுதி வந்தனர். இப்பொழுதோ இயந்திரமே அதை எழுதித் தருகிறது. 'வகுப்பு மாணவியரின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காண ஒரு நிரல் வேண்டும்' என்று நாம் பேசும் தமிழிலேயே கேட்டாலும், சில விநாடிகளில் அது திரையில் வந்து நிற்கிறது!

இதைக் கண்ட பெற்றோர், "அப்படியானால் பிள்ளைகள் இனிக் கணினி படித்து என்ன பயன்?" என்று கேட்கின்றனர். தோழியரோ, "இயந்திரம் எழுதித் தரும்போது நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?" என்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிரல் என்பது யாது?

கணினி தானாக ஒன்றும் அறியாது. 'இதைச் செய், பின்பு அதைச் செய், இப்படி நேர்ந்தால் வேறொன்றைச் செய்' என்று ஒவ்வொரு படியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்பே நிரல். சமையலே அறியாத ஒருவரிடம் 'குழம்புக்கு உப்புப் போடு' என்றால் போதாது. எவ்வளவு, எப்பொழுது, ஏற்கெனவே ஒருவர் போட்டிருந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். நாம் சொல்ல மறந்த இடம் எதுவோ, அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும்.

வேலையைக் கைமாற்றிய வரலாறு

நிரலெழுதும் உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைப்பது புதிதன்று. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினிக்கு நிரலமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்கள் கம்பிகளைப் பிடுங்கிச் செருகியும், விசைகளைத் திருப்பியும் ஒவ்வொரு கணக்கையும் அமைத்தனர். அத்துணை பெரிய உழைப்பு!

1952-ஆம் ஆண்டு கிரேஸ் ஹாப்பர் என்னும் கணித மேதை 'ஏ-0' என்ற நிரலை உருவாக்கினார். முன்பே எழுதிவைத்த கட்டளைத் துண்டுகளைக் கணினியே எடுத்துக் கோத்து முழு நிரலாக்கும் வழி அது. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 'ஃபோர்ட்ரான்' மொழியை வெளியிட்டது. கணிதச் சூத்திரம் போல எழுதினால், அதை இயந்திரக் கட்டளைகளாகக் கணினியே மாற்றிக்கொள்ளும். கைதேர்ந்த மனிதர் எழுதுவதற்கு இது ஈடாகுமா என்று அன்று ஐயுற்றவர் பலர். ஈடாகும் என்று காலம் காட்டியது.

நிரலாளருக்கு வேலை இல்லாமல் போயிற்றா? இல்லை. எழுதுவது எளிதாக ஆக, மேலும் பெரிய மென்பொருள்களை மக்கள் விரும்பினர். பெரிதாக ஆக, பிழைகளும் பெருகின. 1968-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் அறிஞர்கள் ஒன்றுகூடி, பாலம் கட்டுவோருக்கு இருப்பது போன்ற ஒழுங்குமுறை மென்பொருள் எழுதுவோருக்கும் வேண்டும் என்று ஆராய்ந்தனர். 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவியது அக்கூட்டத்திற்குப் பிறகே. எழுதும் சுமை குறைந்தபோது சரிபார்க்கும் சுமை கூடியது என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

நல்ல நிரலாளரின் நான்கு பழக்கங்கள்

அந்தச் சுமையைத் தாங்க இன்றைய நிரலாளர் நான்கு பழக்கங்களைக் கைக்கொள்கின்றனர்.

முதலாவது, சிறுகச் சிறுகச் செய்தல். 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய பதினேழு வல்லுநர்கள் இதனை வலியுறுத்தி ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆண்டுக்கணக்கில் எழுதி முடித்துவிட்டுக் காட்டுவதைவிட, சிறு பகுதியை முடித்துப் பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்திக்கொள்வது நலம் என்பது அவர்கள் கருத்து.

இரண்டாவது, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைத்தல். யார், எந்நாளில், எவ்வரியை மாற்றினார் என்பது வீட்டுக் கணக்குப் புத்தகம் போல் பதிவாகும். இதற்கெனப் பெரிதும் பயன்படும் 'கிட்' என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கினார்.

மூன்றாவது, சோதனை. நிரலுக்குத் தெரிந்த கேள்விகளைக் கொடுத்து, சரியான விடை வருகிறதா என்று பார்ப்பது. நான்காவது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துப் பார்த்தல். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதை நாம் நம் கட்டுரை ஏடுகளிலேயே காண்கிறோம் அல்லவா?

இன்றைய புதிய துணை

2021-ஆம் ஆண்டு 'கிட்ஹப் கோபைலட்' என்ற துணைக்கருவி முன்னோட்டமாக வெளிவந்தது. நாம் ஒரு வரி எழுதினால் அடுத்த வரிகளை அது எழுதிக் காட்டியது. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தபின், உரையாடியே நிரல் பெறும் வழக்கம் பரவியது. 2025 பிப்ரவரியில் ஆண்ட்ரே கர்பாதி என்ற அறிஞர், நிரலைப் படித்துக்கூடப் பாராமல் இயந்திரம் தந்ததை அப்படியே ஏற்று நடக்கும் முறைக்கு 'வைப் கோடிங்' என்று பெயரிட்டார்.

இத்துணைக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது? மனிதர் எழுதிய ஏராளமான நூல்களையும் நிரல்களையும் கொண்டு அதனைப் பயிற்றுவிக்கின்றனர். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்பதை அது கணக்கிட்டு எழுதுகிறது. பலமுறை எழுதப்பட்ட வழக்கமான வேலைகளில் அது வெகு சிறப்பு. புரியாத நிரலை விளக்கச் சொன்னால் விளக்கும். ஆங்கிலம் தடுமாறும் மாணவி தமிழிலேயே ஐயம் கேட்கலாம். நள்ளிரவில் கேட்டாலும் சலிப்பதில்லை. இந்நன்மைகளை மறுப்பது அறிவுடைமை ஆகாது.

ஆயினும் பொருத்தமாகத் தோன்றுவது எல்லாம் உண்மையாகிவிடுமா? இல்லாத நிரல் தொகுப்பு ஒன்றின் பெயரை இருப்பது போலவே அது எழுதிவிடுவதுண்டு. அப்பெயரில் தீயவர் ஒருவர் கெடுதலான தொகுப்பை இணையத்தில் ஏற்றிவைத்தால், படித்துப் பாராமல் நம்பியவர் அதைத் தம் கணினிக்குள் அழைத்துக்கொள்வார்.

ஒரு சிறு கணக்கு

தோழியரே, லீப் ஆண்டைக் கண்டறிய ஒரு நிரல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ஆண்டு நான்கால் மீதியின்றி வகுபட்டால் அது லீப் ஆண்டு' என்று ஒரே வரியில் விடை கிடைக்கிறது. 2023 கொடுத்தால் 'இல்லை' என்கிறது, சரி. 2024 கொடுத்தால் 'ஆம்' என்கிறது, சரி. 2000 கொடுத்தால் 'ஆம்', அதுவும் சரி. மகிழ்ச்சியோடு ஏட்டை மூடிவிடலாமா?

கூடாது. 1582-ஆம் ஆண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி வகுத்த நாட்காட்டியையே நாம் பின்பற்றுகிறோம். அதன்படி நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. ஆகவே 2000 லீப் ஆண்டு, 1900 அவ்வாறில்லை, 2100-உம் அவ்வாறில்லை. நம் ஒருவரி நிரல் 1901 முதல் 2099 வரை எந்த ஆண்டைக் கொடுத்தாலும் சரியாகவே விடை சொல்லும். இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் முழுதும் ஒளிந்திருக்கும் பிழை அது! 1900 என்ற எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? விதியை அறிந்தவருக்கே தோன்றும்.

இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டாம். 'லோட்டஸ் 1-2-3' என்ற பழைய கணக்குத்தாள் மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகவே கொண்டிருந்தது. அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பின்வந்த 'எக்செல்' மென்பொருளும் அப்பிழையைத் தெரிந்தே ஏற்றது. 1900 பிப்ரவரி 29 என்ற, உலகில் விடியாத ஒரு நாள் இன்றும் அதில் இருக்கிறது.

பெரும் விலை கொடுத்துக் கற்றவை

எல்லாப் பிழையும் இப்படிச் சாதுவாக இருந்துவிடுவதில்லை. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பாவின் 'ஏரியன் 5' ராக்கெட் முதன்முறையாகப் பறந்தது. சுமார் நாற்பது விநாடிகளில் வானிலேயே சிதறியது. நான்கு அறிவியல் செயற்கைக்கோள்கள் அழிந்தன. காரணம், 'ஏரியன் 4' ராக்கெட்டில் நன்கு உழைத்த நிரலின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்ததே. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். அதனால் எழுந்த பெரிய எண், 32,767-க்கு மேல் கொள்ளாத சிறிய இடத்தில் அடங்கவில்லை. ஓரிடத்தில் சரியாக இருந்த நிரல், இடம் மாறியதும் தவறானது. பிறர் எழுதியவற்றிலிருந்து கற்று எழுதும் இயந்திரத்தின் நிரலை நாம் நம் இடத்தில் பொருத்தும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

இதைவிடத் துயரமானது 'தெராக்-25' என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவியின் வரலாறு. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் குறைந்தது மூவர் உயிரிழந்தனர். முந்தைய கருவிகளில் தவறு நேர்ந்தால் தடுக்கும் தனிப் பூட்டுகள் இருந்தன. புதிய கருவியில் மென்பொருளை நம்பி அவற்றை நீக்கிவிட்டனர். கருவியை இயக்கியவர் விரைவாகத் தட்டச்சுச் செய்து திருத்தும்போது மட்டுமே தலைகாட்டிய பிழை அதில் இருந்தது. முந்தைய கருவியின் மென்பொருளிலும் அதே பிழை இருந்தது. பூட்டுகள் காத்ததால் எவரும் அறியவில்லை. நலம் பெற வந்தவர்களின் உயிரைக் கவர்ந்தது, எவரும் போதிய அளவு சோதித்துப் பாராத சில வரிகள்! இவ்விரு நிரல்களையும் எழுதியவர் மனிதரே. மனிதர் எழுதியதற்கே இத்துணைச் சோதனை வேண்டுமானால், ஒருவரும் படித்துப் பாராத நிரலுக்கு எத்துணை வேண்டும்!

வேகம் பற்றிய ஒரு செய்தி

இயந்திரத் துணையால் வேலை விரைவாக முடியும் என்பது பலரது நம்பிக்கை. 2025-ஆம் ஆண்டு 'மெட்டர்' என்ற ஆய்வு அமைப்பு, அனுபவம் மிக்க பதினாறு நிரலாளரைக் கொண்டு இதனை அளந்து பார்த்தது. அவர்கள் நெடுநாள் பழகிய தங்கள் சொந்த மென்பொருள்களிலேயே வேலை செய்தனர். துணைக்கருவியோடு செய்த வேலைக்கு 19 விழுக்காடு நேரம் கூடுதலாகவே ஆயிற்று. வியப்பு என்னவெனில், வேலை முடிந்த பின்னரும் தாங்கள் 20 விழுக்காடு விரைவாகச் செய்ததாகவே அவர்கள் எண்ணினர்! இம்முடிவு எல்லா வேலைக்கும் எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. கருவிகளும் நாளுக்கு நாள் வளர்கின்றன. எனினும், விரைவாகச் செய்வதாகத் தோன்றுவது வேறு, விரைவாகச் செய்வது வேறு என்பதை நாம் மனத்திற் கொள்ளலாம்.

நம் முன்னோடி ஓர் அருட்சகோதரி

இத்துறை நமக்கு அந்நியமானது என்று எண்ணும் தோழியருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியாஸ்திரீ! அவர் பெயர் சகோதரி மேரி கென்னத் கெல்லர். 1932-இல் துறவற சபையில் சேர்ந்த அவர், 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பொதுவிதியைக் கணினி ஊகித்தறிவது பற்றியதே அவரது ஆய்வு. இன்றைய செயற்கை நுண்ணறிவும் எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்பதே, முறைதான் வேறு. பின்னர் அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். இயந்திரத்தைக் கற்கச் செய்ய முயன்ற அதே பெண்மணி, தம் வாழ்நாளை மாணவியரைக் கற்கச் செய்வதில் செலவிட்டார். முன்னதால் பின்னது தேவையற்றதாகிவிடும் என்று அவர் கருதவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

1. சிறு நிரல்களை முதலில் நம் கையால் எழுதிப் பழகுவோம். கூட்டல் அறிந்தவரே கால்குலேட்டரின் பிழையைக் கண்டுகொள்வர்.

2. இயந்திரத்திடம் விடையைக் கேட்பதற்கு முன் விளக்கத்தைக் கேட்போம்.

3. ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தோழிக்கு எடுத்துச் சொல்ல முடியாத நிரலை நம்முடையது என்று சமர்ப்பிக்காதிருப்போம். அது பிறர் ஏட்டைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

4. வழக்கமான எண்களை மட்டும் கொடுத்துச் சோதிக்காமல் சுழியம், மிகப் பெரிய எண், வெற்றிடம் ஆகியவற்றையும் கொடுத்துப் பார்ப்போம்.

5. பிறருடைய முகவரி, தொலைபேசி எண், மருத்துவச் செய்தி ஆகியவற்றைத் துணைக்கருவியிடம் ஒப்படைக்காதிருப்போம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கணினி படிப்பது வீண் என்னும் எண்ணம் தவறானது என்பது விளங்கும். இயந்திரம் எழுதும் காலத்தில் படித்துப் புரிந்துகொள்ளவும், விடுபட்டதைக் கண்டு கேட்கவும் வல்லவருக்கே தேவை மிகும். நோயாளியின்மேல் கதிர்வீச்சு தவறாகப் பாய்ந்தால் அவருடைய பிள்ளைகளுக்கு மறுமொழி சொல்ல நிரலால் இயலாது. 'இதை நான் பார்த்தேன், சோதித்தேன், பொறுப்பேற்கிறேன்' என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவ்வாறு சொல்லும் தகுதியைத் தேடிக்கொள்ளவே நாம் பள்ளிக்கு வருகிறோம். ஆகவே அன்புத் தோழியரே, இயந்திரத்தைத் துணையாகக் கொள்வோம். ஆனால் கற்பதை அதனிடம் விட்டுவிடாதிருப்போம்.