முதல் இருநூறு கிலோமீட்டர்

பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து ஒக்கலிபுரம் என்னும் பகுதி உள்ளது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து நந்தி மலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் புறப்பட்டு, மிதிவண்டியிலேயே அம்மலை ஏறித் திரும்புவோர் பெங்களூரில் பலர். அவர்களுள் சிலர் அதனோடு நிறைவடைவதில்லை. ஒரே நாளில் 200 கிலோமீட்டர் செல்ல விழைகின்றனர். அத்தகையோருக்காக முறைப்படி நடத்தப்படும் நெடும்பயணத்திற்குப் ‘பிரெவே’ என்று பெயர்.

பிரெவே என்பது பிரெஞ்சுச் சொல். சான்றிதழ் என்பது அதன் பொருள். 1891ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலிருந்து பிரெஸ்ட் என்னும் துறைமுக நகர் வரை சென்று மீளும் மிதிவண்டிப் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவை 72 மணி நேரத்திற்குள் கடந்து சார்ல் தெரோன் என்பவர் வென்றார். இன்று அது பந்தயமன்று. 90 மணி நேரத்திற்குள் முடித்தால் போதும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அப்பயணத்திற்கு இந்தியாவிலிருந்தும் பலர் செல்கின்றனர். அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை முடித்திருத்தல் வேண்டும். ஆகவே 200 கிலோமீட்டர் என்பது முதற்படி.

அம்முதற்படிக்கு 13 மணி 30 நிமிடம் வழங்கப்படுகிறது. முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை இல்லை. ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருக்கும்; வழியிலுள்ள சோதனை நிலையங்களில் அதில் நேரம் பதிவாகும். அந்நிலையங்கள் மூடும் நேரம் மட்டுமன்று, திறக்கும் நேரமும் முன்பே குறிக்கப்படுகிறது. மிக விரைந்து வந்தவரும் நிலையம் திறக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்! துணைக்கு மகிழுந்து பின்தொடர்வதற்கு இசைவில்லை. வண்டி பழுதானால் செல்பவரே சரிசெய்து கொள்ள வேண்டும். இவ்விதிகளை அறிந்தவர், உடல்வலிமை மட்டும் போதாது என்பதையும் உணர்ந்துகொள்வார்.

ஆயத்தம் இருக்கையிலிருந்து தொடங்குகிறது. மிதிகட்டை கீழே வந்த நிலையில் அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அவ்வாறு இருக்கையின் உயரத்தை அமைத்துவிட்டு, பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கும். இருக்கை தாழ்ந்திருந்தால் பத்துக் கிலோமீட்டரில் ஒன்றும் தெரியாது. நூறாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கும்.

அடுத்தது தொலைவு. வாரம் ஒருமுறை நீண்ட பயணம் சென்று, அதனைச் சிறிது சிறிதாக நீட்டுவர். நாற்பது, ஐம்பது, அறுபது என வளரும் அப்பயிற்சியின் நிறைவில், ஒக்கலிபுரத்திலிருந்து நந்திக்குச் சென்று மீளும் 120 கிலோமீட்டர் நல்லதோர் ஒத்திகையாகும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது; நந்தி மலையின் உச்சியோ 1478 மீட்டர். இறுதி ஏற்றத்தில் பெருமிதம் காட்டிக் கடினமான கியரில் மிதிப்பவர் இரண்டு வளைவுகளில் களைத்துவிடுவார். எளிய கியரில், காலை விரைவாகச் சுழற்றி, மூச்சுத் திணறாமல் ஏறுபவர் உச்சியை அடைவார். இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் திடீரென்று பிரேக் பிடித்தால், பனிமூட்டத்தால் நனைந்திருக்கும் சாலையில் சக்கரம் வழுக்கும்.

மைசூருச் சாலையிலும் பலர் பயிற்சி செய்கின்றனர். ஆயினும் 2023 ஆகஸ்ட் முதல் புதிய விரைவுச் சாலையின் முதன்மைப் பாதையில் மிதிவண்டிகளுக்கு இடமில்லை. பக்கச் சாலையே வழி. அவ்வழியில் பிடதி என்னும் ஊர் தட்டு இட்லிக்குப் பெயர் பெற்றது. பயிற்சிக்குச் செல்வோர் பலரை அங்கே நிறுத்துவது களைப்பன்று, இட்லியே.

உணவைப் பற்றிய விதி சிறியது: பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகம் எடுக்குமுன் பருக வேண்டும். தசைகளில் சேர்ந்துள்ள மாவுச்சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் உண்டாலும் உடல் உடனே தேறாது. வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்பிட்ட எலுமிச்சைநீர் ஆகியன போதும். பழகாத உணவைப் பயண நாளில் புதிதாக உண்டு பார்த்தல் கூடாது.

எல்லாவற்றினும் மிகுதியாக அலட்சியப்படுத்தப்படுவது பஞ்சர். தலைக்கவசம், விளக்கு, ஒளி எதிரொளிக்கும் மேலாடை ஆகியவற்றைக் கவனமாக வாங்கும் ஒருவர், மாற்று ட்யூபையும் கைப்பம்பையும் பையில் வைத்துக்கொண்டு, அவற்றை ஒருமுறையும் பயன்படுத்திப் பாராமலே புறப்பட்டுவிடுவார். எழுபதாவது கிலோமீட்டரில், நிழலற்ற இடத்தில், பின்சக்கரம் காற்றிழக்கும். அவர் முயன்று டயரைக் கழற்றிப் புதிய ட்யூபைப் பொருத்திக் காற்றடிப்பார். ஐந்து நிமிடத்தில் அதுவும் ஓட்டையாகும். பழைய ட்யூபைத் துளைத்த முள் டயரிலேயே தங்கியிருந்ததை அவர் தேடவில்லை! டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளை எடுத்த பின்னரே புதிய ட்யூபை இட வேண்டும். இதனை வீட்டு வாசலில் நான்கைந்து முறை செய்து பழகியவருக்குச் சாலையில் கால்மணி நேரம் போதும். பழகாதவரின் பயணம் அங்கேயே முடிந்துவிடக்கூடும்.

இனி, பயண நாள். விடியற்காலையில் அனைவரும் ஒன்றாகப் புறப்படுகின்றனர். குளிர்ந்த காற்று, சாலையில் வண்டிகள் குறைவு, கால்களில் புத்துணர்ச்சி. முன்செல்வோரின் வேகத்திற்கு ஈடுகொடுக்க மனம் விரும்பும். முதன்முறை செல்பவர் தவறுவது இங்கேதான். மணிக்கு 20 கிலோமீட்டர் செல்லக்கூடியவர் 25 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், முதல் ஐம்பதில் அவர் சேமிப்பது அரைமணி நேரமே. அதனால் களைத்து, இறுதி நூறு கிலோமீட்டரை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க நேர்ந்தால், ஐந்து மணி நேரத்தில் முடியவேண்டியது எட்டு மணி நேரத்திற்கும் மேலாக நீளும். காலையில் பின்தங்கிச் சென்றவர்கள் அப்போது ஒவ்வொருவராக அவரைக் கடந்து செல்வர்.

சிலருக்கு அன்று முடியாமலும் போகலாம். மயக்கம் வருவது போலிருந்தாலோ, வண்டியைச் சரிசெய்ய இயலாவிட்டாலோ, பொறுப்பாளருக்குத் தெரிவித்துவிட்டு நின்றுவிடுவர். தெரிவிக்காமல் வீடு திரும்பினால், வராதவரைத் தேடி இரவில் பிறர் அலைய நேரிடும். நின்றவரின் அட்டையில் சில கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அடுத்த பிரெவேக்கு அவருக்குப் புதிய அட்டை வழங்கப்படும்.

பயிற்சி

200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க, மணிக்குச் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் செல்ல வேண்டும்? கணக்கிடுக.

மணிக்கு 20 கிலோமீட்டர் செல்பவருக்கு ஓய்விற்கும் உணவிற்கும் எவ்வளவு நேரம் எஞ்சும்?

வீட்டிலுள்ள மிதிவண்டியின் பகுதிகளைப் பார்த்து, அவற்றின் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் கேட்டு எழுதுக.