கறுப்பெல்லாம் வளமில்லை

கேள்வி: கரவாகு வட்டைப் பக்கம் வளவு வாங்கி அத்திவாரம் வெட்டுகிறோம். நாலடி ஆழத்தில் கரியாய்க் கறுத்த சுரி வருகிறது. அழுகிய முட்டை மணம் வேறு. இந்த மண் எங்கிருந்து வந்தது? அள்ளித் தோட்டத்துக்குப் போடலாமா?
— வாசகர், சாய்ந்தமருது

பதில்: எங்கிருந்தும் வரவில்லை. அந்தப் பள்ளத்திலேயே முளைத்துச் செத்த புல்லும் பன்னும் வேரும்தான் அந்தக் கறுப்பு. செத்த செடியை உக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் வடியாத இடத்தில் காற்று இறங்காது. உக்குவதைவிடச் சேர்வது கூடிவிடும். நாரும் வேரும் கண்ணுக்குத் தெரிந்தால் அது பீட். எல்லாம் கரைந்து கூழாகிவிட்டால் கருஞ்சேறு. மணத்துக்குக் காரணம் கந்தகம்: காற்றில்லாத இடத்துப் பக்றீரியாக்கள் கடல்நீரின் சல்பேற்றைக் கொண்டு பிழைக்கின்றன, ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன.

ஆனால் கறுப்பெல்லாம் இந்த வகை மண்ணாகிவிடாது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். கலங்கல் தண்ணீர் வடிந்து கையில் நார் மிஞ்சினால் பீட். விரலிடுக்கால் கூழாகப் பிதுங்கி, காய்ந்தபின் தக்கைபோல எடையற்றிருந்தால் கருஞ்சேறு. காய்ந்து கல்லாகிவிட்டால் வெறும் களி, கறுப்பு மேற்பூச்சுத்தான். உங்களுடையது இந்தக் கடைசி வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் பக்கம் மாரி மூன்று மாதம். பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினால் பள்ளமெல்லாம் வெடித்துவிடும். மாரியில் சேர்ந்த சேதனம் கோடையில் காற்றுப் பட்டு உக்கிப் போகும். ஆண்டு முழுதும் தண்ணீர் நிற்கும் தென்மேற்கில்தான் இலங்கையின் சேதன மண் பெரும்பாலும் இருக்கிறது. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையிலுள்ள முத்துராஜவெல அதில் பேர்போனது.

தோட்டத்துக்குப் போட வேண்டாம். அந்த மணமுள்ள சுரியில் இரும்புச் சல்பைட்டு ஒளிந்திருக்கும். தண்ணீருக்குள் கிடக்கும்வரை சாது. வெயிலும் காற்றும் பட்டால் கந்தக அமிலமாகும். கத்தரி, மிளகாய் எதுவும் தாங்காது. மாத்தறை விவசாயிகள் இதைப் பட்டே தெரிந்துகொண்டார்கள். 1980களில் நில்வளா கங்கை வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் அணை கட்டித் தண்ணீரைப் பம்பினால் இறைத்தார்கள். வெள்ளம் குறைந்தது, வயல் புளித்தது. கைவிடப்பட்ட வயல்கள் இன்று கிரலகெலே என்ற சதுப்புக் காடு, பறவைகளுக்கு இலாபம்.

அத்திவாரத்துக்கு ஒரு சொல். சுரியின்மேல் கிறவலைக் கொட்டி மூடிவிட்டு உடனே சுவர் எழுப்பாதீர்கள். கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்படுமுன், முத்துராஜவெலப் பகுதியில் மணலைக் குவித்துப் பாரமேற்றி, அடிமண்ணின் தண்ணீரைப் பிழிந்தெடுத்த பிறகே பாதை போட முடிந்தது. உங்கள் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். பொறியியலாளர் ஒருவரிடம் மண்ணைக் காட்டினால் போதும். அந்தக் கூலி, வெடித்த சுவரைப் பூசும் செலவைவிடக் குறைவு.

கேள்வி: அமெரிக்காவில் இப்படிப்பட்ட சதுப்பை வடித்து மரக்கறி விளைவிக்கிறார்களாமே. நம் நாட்டில் ஏன் முடியாது?
— மாணவி, ஒலுவில்

பதில்: விளைவிக்கிறார்கள், உண்மைதான். வெங்காயம், கரட், கரும்பு எல்லாம் நன்றாக வரும். நைதரசன் தாராளம், பொட்டாசியமும் செம்பும்தான் போதாது. ஆனால் மண்ணே கரைந்துபோகிறது. புளோரிடாவின் பெல் கிளேட் ஆராய்ச்சி நிலையத்தில் 1924இல் ஒன்பதடி கொங்கிறீற்றுத் தூணொன்றை அடிப்பாறைவரை இறக்கி, தலையை நிலமட்டத்துக்குச் சமமாக வைத்தார்கள். இன்று அது ஆளுயரத்துக்கு வெளியே நிற்கிறது. தூண் வளரவில்லை. வடித்த மண்ணுக்குக் காற்றுப் பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தது காபனீரொட்சைட்டாகப் பறந்துவிட்டது.

நம் நாட்டில் முயலாமலா விட்டார்கள்? கோட்டை அரசர் காலத்தில் முத்துராஜவெலயில் நெல் விளைந்ததாகச் சொல்வார்கள். பிறகு வாய்க்கால் வழியே உப்புத்தண்ணீர் ஏறிக் கெட்டது. ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் ஹமில்டன் கால்வாயை வெட்டி முடித்தும் வயல் மீளவில்லை. 1996இல் அதில் ஒரு பகுதியைச் சரணாலயமாக்கினார்கள்.

தண்ணீரை விரட்டாமல் அதோடு ஒத்துப்போகும் பயிரைத் தேடியவர்களே வென்றார்கள் என்பது என் எண்ணம். கேரளத்துக் குட்டநாட்டில் கரி நிலம் என்றே ஒரு வகை உண்டு. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்தப் புளித்த மண்ணில் தண்ணீரைத் தேக்கிக் கழுவிக் கழுவித்தான் நெல் விதைக்கிறார்கள். நம் தென்மேற்கில் கொகிலைக் கிழங்கும் கங்குங் கீரையும் சதுப்பிலேயே வளர்ந்து சந்தைக்கு வருகின்றன. நெல்லும் உண்டு. நம் போடிமார் வாயில் பீஜி, ஏடி என்றே எப்போதும் வரும். பீஜி பத்தலகொடையிலும் ஏடி அம்பலாந்தோட்டையிலும் உருவான இனங்கள். பீடபிள்யூ என்று தொடங்குபவை களுத்துறைப் பக்கம் பொம்புவல நிலையத்தில், ஈரவலயத்தின் சதுப்பையும் இரும்பு நஞ்சையும் மனதில் வைத்துத் தெரிந்தெடுத்தவை.

கேள்வி: எங்கள் வாய்க்கால் தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதக்கிறது. பெற்றோலியமா?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: குச்சியால் கிளறிப் பாருங்கள். கலைந்து உடனே ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். உழவு இயந்திரம் எங்கே கழுவினார்கள் என்று விசாரியுங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து துண்டு துண்டாகவே மிதந்தால் இரும்பு. காற்றில்லாத மண்ணில் கரைந்த இரும்பு மேலே வந்ததும் காற்றுப் பட்டுப் படலமாகிறது. பக்கத்து வேளாண்மையில் இலை செம்பு நிறத்துக்கு மாறியிருந்தால் அதே இரும்புதான். அடுத்த போகத்துக்கு முன் வயலை ஒருமுறை வடித்துக் காயவிடுங்கள். பழைய களப்புச் சுரியென்றால் அதையும் செய்யாதீர்கள். காரணம் முதல் பதிலில் இருக்கிறது.